கம்பஸ் ஐடியில் 8 வருடம்: பிரிவின் பொறுப்பை ஏற்பதா, விடுவதா?

பம்பலப்பிட்டி_வயர் · ஞாயிறு, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமையாக நித்திரை கெட்டு யோசிக்கிற விஷயம் இது.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வலையமைப்பு வேலை செய்கிறேன். வயது 33. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தேன். கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி சற்றுக் குறைந்ததால் கம்பஸுக்கு எடுபடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பிஐடி (தகவல் தொழில்நுட்ப) பட்டத்துக்குப் பதிந்து, பகலில் வெள்ளவத்தையில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை, இரவில் படிப்பு என்று அதை முடித்தேன். பிறகு இங்கே ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்து, நிரந்தரமாகி, இப்போது 8 வருடம்.

இந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்விச், ஃபைபர், வைஃபை, ஃபயர்வோல் எல்லாம் என் கையில். எந்தக் கட்டடத்தின் எந்தக் கூரைக்குள்ளால் எந்தக் கேபிள் போகிறது என்று படம் பார்க்காமலே சொல்வேன். எங்கள் மாணவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தன் சொந்தக் கணக்கிலேயே எடுரோம் என்ற பொது வைஃபைக்குள் நுழையலாம். அதற்காகக் கணக்கைச் சரிபார்க்கும் ரேடியஸ் சேர்வரை எங்கள் வளாகத்தில் நிறுவியவன் நான். அது முதன்முதலில் வேலை செய்த பின்னேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

எங்கள் பிரிவின் பொறுப்பாளர் ஜூன் மாதம் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போகிறார். 2022க்குப் பிறகு எங்கள் மையத்தை விட்டு வெளிநாடு போகிற நாலாவது ஆள் அவர். பணிப்பாளர் சேர் என்னைக் கூப்பிட்டு, இப்போதைக்கு அவருடைய இடத்தைப் பார்க்கும் பதில் கடமைக்கு விண்ணப்பம் கொடுங்கள், பிறகு நிரந்தரப் பதவி விளம்பரமாகும்போது பார்க்கலாம் என்றார்.

எனக்குப் பயம். கூட்டம், ஃபைல், கொள்முதல் என்று போய்விட்டால் 8 வருடமாகப் பழகிய கை விட்டுப்போகும். சிங்களம் நன்றாகக் கதைப்பேன், ஆனால் அலுவலகக் கடிதம் ஒன்றைச் சிங்களத்தில் எழுதச் சொன்னால் வியர்க்கும். அதைவிட, மேலே போக வழி இருக்கிறதா என்பதே விளங்கவில்லை. மையத்தின் பணிப்பாளராக எப்போதும் ஒரு விரிவுரையாளரைத்தான் 3 வருடத்துக்கு நியமிக்கிறார்கள். நான் எவ்வளவு ஏறினாலும் அந்தக் கூரையில் தலை இடிக்கும்.

இதற்கிடையில் தெமட்டகொடைப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனம் கிளவுட் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. சம்பளம் நல்ல கூடுதல். மனைவி, உங்களுக்கு எதில் நிம்மதியோ அதைச் செய்யுங்கள் என்கிறார். எதில் நிம்மதி என்பதுதான் தெரியவில்லை. இந்தப் பாதையில் நடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ராஜகிரிய_டெவொப்ஸ் · ஞாயிறு, இரவு 10.35

தம்பி, நான் 2016இல் ஒரு பல்கலைக்கழக ஐடி வேலையை விட்டு வெளியே வந்தவன். என் அபிப்பிராயம்: போங்கள். கம்பஸில் ஒரு சேர்வர் வாங்க 9 மாதம் காத்திருந்திருக்கிறேன். இங்கே 9 நிமிடத்தில் ஒன்றை உருவாக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறோம். கொண்டெய்னர், தானியங்கி நிறுவல் எல்லாம் நான் கற்றது வெளியே வந்த பிறகுதான். 33 வயது என்பது கற்றுக்கொள்ள நல்ல வயது. 40இல் மாறுவது கஷ்டம், நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்களை மூடியபோது என் பழைய நண்பர்கள் இரவு பகலாக நின்றார்கள். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு ஊடாக அவற்றுக்கு சூம் வந்தது. பிள்ளைகள் டேட்டாவுக்குக் காசு கொடுக்காமல் பாடத்துக்கு வரத் தொலைபேசி நிறுவனங்களும் வழி செய்து கொடுத்தன. கிராமத்தில் மரத்தில் ஏறி நின்று சிக்னல் பிடித்துப் படித்த பிள்ளைகளின் படங்கள் வந்தபோது, அந்த வேலையில் நான் இல்லையே என்று மனது கனத்தது. அதையும் கணக்கில் எடுங்கள்.

நாவல_அக்கா · திங்கள், அதிகாலை 5.15

தம்பி, ராத்திரி வாசித்தேன். உடனே எழுதினால் அவசரத்தில் எழுதிவிடுவேன் என்று விடிய எழும்பி எழுதுகிறேன்.

நான் 2001இல் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுகூடத்தில் போதனாசிரியராகச் சேர்ந்தேன். அப்போது 40 கணினி, 2 குளிரூட்டி, ஒரு மொடெம். இன்றைக்கு 14 பேர் உள்ள ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். விரிவுரையாளர் இல்லை, கலாநிதிப் பட்டமும் இல்லை. இடையில் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் முதுமாணி செய்தேன், அவ்வளவுதான். ஆகவே உங்கள் கேள்வி என் கேள்வியாகவும் இருந்தது.

கை விட்டுப்போகும் என்று பயப்படுகிறீர்கள். எனக்கும் அதுதான் பெரிய பயம். அதை மாற்றியது 2022.

அந்த வருடம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு. எங்கள் சேர்வர் அறையின் யூபிஎஸ் 20 நிமிடம் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் என்ற கணக்கில் வாங்கியது. ஜெனரேட்டர் மணிக்கு 15 லீற்றர் டீசல் குடிக்கும். 13 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 200 லீற்றர். பஸ்ஸுக்கே டீசல் இல்லாத நாட்டில் 200 லீற்றருக்கு நாங்கள் எங்கே போவது? நாளுக்கு இரண்டு தரம் அடிமட்டம் வரை இறங்கி ஏறியதில் பற்றரிகளும் செத்துக்கொண்டு வந்தன. ஈய அமிலப் பற்றரி அப்படிப்பட்ட பாவனைக்குச் செய்ததல்ல. சித்திரை வருடப்பிறப்புக்குள் 20 நிமிடம் 6 நிமிடமாகிவிட்டது.

புதுப் பற்றரிக்கு விலை கேட்டோம். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்க்குக் கிட்ட நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. விற்பவர்கள், இந்த விலை இன்றைக்கு மட்டும் என்று அடியில் எழுதித் தந்தார்கள். எங்கள் நடைமுறைப்படி மூன்று விலைமனு, மதிப்பீட்டுக் குழு, அங்கீகாரம் என்று போனால் 6 கிழமை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, நடைமுறையையும் குற்றம் சொல்ல முடியாது.

அப்போது நான் மூத்த பொறியியலாளர், பொறுப்பாளர் அல்ல. பொறுப்பாளர் சுகயீன லீவில் இருந்தார். இரவிரவாக உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன்: எங்களிடம் இருந்த 31 சேவைகளில் மின்சாரம் போனதும் எதை முதலில் அணைப்பது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது. ஒரு பொறியியலாளராக யோசித்துத்தான் போட்டேன். கடைசிவரை ஓடவேண்டியது மேலே: இணையப் பெயர்களை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் முதலில், பாடங்கள் ஏற்றும் எல்எம்எஸ் அதற்குக் கீழே, நூலகப் பட்டியல் நடுவில், இப்படி. பெறுபேற்றுச் சான்று அச்சிடும் சிறிய மென்பொருள் 19ஆவது இடத்தில் இருந்தது.

பட்டியலை எடுத்துக்கொண்டு பீடாதிபதிகளிடம் போனேன். பல்கலைக்கழகக் கல்விச் சபையான மூதவையின் மண்டபத்தில் மின்விசிறி இல்லாமல் யன்னல்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் தங்கள் பீடத்தின் சேவைதான் முக்கியம் என்றார்கள். அரை மணி நேரம் அப்படிப் போனது. கடைசியில் பரீட்சைக் கிளையிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த எழுதுவினைஞர் அம்மா சிங்களத்தில் சொன்னார்: ஒரு நாளைக்கு இத்தனை பட்டதாரிகள் சான்று கேட்டு வரிசையில் நிற்கிறார்கள், எல்லாரும் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள், கடைசித் திகதி இருக்கிறது, காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை எனக்கு அந்த ஒரு கணினி மட்டும் வேலை செய்தால் போதும். மண்டபமே அமைதியாகிவிட்டது. 19ஆவது இடத்தில் இருந்தது 2ஆவது இடத்துக்கு வந்தது. காலை 3 மணி நேரத்துக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓட்டுவது என்று முடிவானது. 15 லீற்றர்ப்படி 45 லீற்றர். அந்த அளவு டீசலைப் பதிவாளர் கடிதம் கொடுத்து எடுத்துத் தந்தார்.

எல்லாப் பீடாதிபதிகளும் அந்தப் பட்டியலில் கையெழுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு எது அணைந்தாலும் யாரும் எங்கள் பொடியங்களைத் திட்டவில்லை, ஏனென்றால் அது அவர்களுடைய முடிவும் கூட. தம்பி, நான் 21 வருடம் பார்த்த தொழில்நுட்ப வேலையெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் இருந்தது. எந்தச் சேவை எதன் மேல் தங்கியிருக்கிறது என்று தெரியாத ஒருவரால் அதைப் போட்டிருக்கவே முடியாது. ஆனால் அந்த அம்மாவோடு ஒரே மேசையில் உட்காராத ஒருவராலும் அதைச் சரியாகப் போட்டிருக்க முடியாது. பொறுப்பு என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரு தவறையும் சொல்கிறேன். எங்கள் மின்னஞ்சல் கிளவுடில் இருந்தது. அதனால் மின்வெட்டு அதைத் தொடாது என்று பட்டியலில் எழுதியிருந்தேன். முதல் நாளே யாராலும் மின்னஞ்சலுக்குள் போக முடியவில்லை. அஞ்சல் கிளவுடில்தான், ஆனால் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சேர்வர் எங்கள் இருண்ட அறையில் கிடந்தது! துணைவேந்தரே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். அன்றைக்கே அந்தச் சேர்வரின் ஒரு பிரதியை வெளியே வைத்தோம். இரண்டாவது டிஎன்எஸ்ஸையும் நட்பான இன்னொரு பல்கலைக்கழகத்தில் வைத்தோம். நீங்கள் இன்றைக்கே உங்கள் இடத்தில் இதைப் பாருங்கள், பொறுப்பை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும்.

இன்னொரு நாள் மின்சாரம் வந்ததும் ஒரு பொடியன் அவசரத்தில் தரவு வைக்கும் ஸ்டோரேஜ் எழும்புவதற்கு முன்னால் மற்றச் சேர்வர்களைப் போட்டுவிட்டான். ஒரு தரவுத்தளம் பழுதாகி, திரும்ப எடுக்க 9 மணி நேரம். அவன் அழுதான். அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் எந்த வரிசையில் போடவேண்டும் என்று எழுதி வைக்காதது நான். முதலில் ஸ்விச், பிறகு ஸ்டோரேஜ், டிஎன்எஸ், உள்நுழைவு, தரவுத்தளம், கடைசியாக இணையத்தளச் சேர்வர். இதை மூன்று மொழியிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கதவில் ஒட்டினோம். அதற்குக் கீழே காவலாளிக்கு ஒரு வரி: அறை வெப்பமானி 30 பாகையைத் தாண்டினால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள். குளிரூட்டி யூபிஎஸ்ஸில் இல்லை, அதனால் சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறை வெந்துவிடும். ஒரு முறை அந்தக் காவலாளி ஐயா எடுத்த அழைப்புத்தான் எங்களைக் காப்பாற்றியது.

சிங்களக் கடிதம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். தெருச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும், எழுத்துச் சிங்களம் வராது. ஒரு வருடம் பழைய ஃபைல்களில் இருந்த நல்ல குறிப்புகளைக் கையால் பார்த்து எழுதினேன். அலுவலகக் கடிதத்தில் திரும்பத் திரும்ப வருவது ஒரு 20, 25 தொடர்கள்தான். பிறகு என் கடிதத்தை எங்கள் கந்தோர் எழுதுவினைஞரிடம் கொடுத்துச் சிவப்புப் பேனையால் திருத்தச் சொல்வேன். அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் முக்கியமான கடிதம் என்றால் அவர் கண்ணில் பட்ட பிறகுதான் போகும். ஆங்கிலத்தில் எழுதினாலும் வேலை நடக்கும், ஆனால் சிங்களத்தில் எழுதிய குறிப்பு மேசைகளைக் கடக்கிற வேகமே வேறு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

நம் மொழி தெரிந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருப்பதால் நடக்கிற நன்மையும் உண்டு. எங்கள் மாணவர் பதிவு மென்பொருளில் முழுப் பெயருக்கான கட்டம் 40 எழுத்து. தகப்பன் பெயரோடு சேர்ந்த நீளமான பெயர் உள்ள எங்கள் பிள்ளைகளுக்கும், வாசகம என்ற பரம்பரைப் பெயர் உள்ள சிங்களப் பிள்ளைகளுக்கும் பெயர் பாதியில் வெட்டுப்படும். சான்றிதழில் வெட்டுப்பட்ட பெயரோடு ஒரு மட்டக்களப்புப் பிள்ளை என் முன்னால் வந்து நின்றாள். தொழில்நுட்ப ஆளாக இருந்தபோது அந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும் என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுப்பாளராகி இரண்டாவது மாதம் மாற்றினேன். 150 எழுத்து. அதைவிட மகிழ்ச்சி தந்த வேலை வேறில்லை.

இனி அந்தக் கூரை. நீங்கள் சொல்வது உண்மை, அதை மறைக்க மாட்டேன். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். உத்தியோகத்தர் என்று பதிவாளர், நூலகர், நிதியாளர் எல்லாருக்கும் பெயர் சொல்லி இடம் உண்டு. நூலகர் மூதவையிலும் இருக்கிறார். தகவல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பான ஒருவர் அந்த வரிசையில் இல்லை. 1978இல் எழுதிய சட்டம், அப்போது கம்பஸ் முழுக்க ஒரு கணினி இருந்திருந்தாலே பெரிது. இன்றைக்குப் பதிவு, பாடம், பரீட்சை, சம்பளம் எல்லாம் எங்கள் அறைக்குள்ளால் போகிறது. இது மாற வேண்டும் என்று நான் எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன். ஆனால் மாறும்வரை நீங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. மாணவர் தகவல் எங்கே கிடக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டி வரும். அந்தப் பதிலை எழுதக்கூடியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். அந்த வேலையைக் கையில் எடுங்கள், கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிடாமல் இருக்க முடியாது.

வெளியே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன சம்பளமும் உண்மை, ராஜகிரிய தம்பி சொன்ன படிப்பும் உண்மை. வீட்டுக் கடன் இருந்தால், பிள்ளையின் படிப்பு இருந்தால் போங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கை விட்டுப்போகும் என்ற பயத்துக்காக மட்டும் போகாதீர்கள் என்கிறேன். நான் இன்றைக்கும் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஆய்வுச் சேர்வரில் ஏதாவது ஒன்றை நிறுவிப் பார்ப்பேன். அது என் பூசை மாதிரி.

பம்பலப்பிட்டி_வயர் · திங்கள், பகல் 12.40

அக்கா, சாப்பாட்டு நேரத்தில் வாசித்துவிட்டு அப்படியே சேர்வர் அறைக்குப் போனேன். எங்களுடைய உள்நுழைவுச் சேர்வரும் ஒன்றே ஒன்றுதான், அதே அறையில்தான். நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது.

ஒரு கேள்வி, முதலில் எழுத வாய் வரவில்லை. எங்கள் பிரிவில் 54 வயதில் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருக்கிறார். ஃபைபர் ஒட்டுவதை எனக்குக் கைபிடித்துக் காட்டித் தந்தவர் அவர். சிங்களவர், நான் அவரை அய்யா (சிங்களத்தில் அண்ணா) என்றுதான் கூப்பிடுவேன். நாளைக்கு நான் பொறுப்பாளர் என்றால் அவருடைய லீவுப் படிவத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். அதை நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

நிதிப்பிரிவு_ஓய்வு · திங்கள், பின்னேரம் 4.20

நான் ஐடி ஆள் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் நிதியாளர் அலுவலகத்தில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மருமகன் இந்தத் திரியை அனுப்பினான். மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தம்பி, பொறுப்பை ஏற்றால் முதல் வேலையாக உங்கள் நிதிப்பிரிவுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். என் காலத்தில் கணினி மையத்தவர்கள் எங்களிடம் வருவது எப்போது தெரியுமா? நவம்பர் மாதம். ஃபயர்வோல் உரிமம் டிசம்பரில் முடிகிறது, உடனே காசு வேண்டும் என்று. நிதியாண்டு டிசம்பர் 31ஆம் திகதி முடிகிறது. அதற்குள் பொருள் வந்து, பற்றுச்சீட்டு வந்து, காசு போகாவிட்டால் அந்த ஒதுக்கீடு போய்விடும். வருட நடுவில் அடுத்த வருட மதிப்பீடு தயாரிக்கும்போது ஒரு பக்கம் எழுதித் தந்திருந்தால் நாங்கள் மறுத்திருக்கவே மாட்டோம்.

தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் உட்காரச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். விவரக்கூற்று எழுதும்போது ஒரு கம்பனியின் மொடலைப் பார்த்து அப்படியே இறக்காதீர்கள். வேலை என்ன, வேகம் என்ன, எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுதுங்கள். பெயர் போட்டு எழுதினால் போட்டியில் தோற்ற ஒருவர் முறையிடுவார், கணக்காய்வு கேள்வி கேட்கும், கடைசியில் எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். ஒரு சேர்வருக்குக் காத்திருக்கிற அந்த 9 மாதத்தில் 4 மாதம் அப்படித்தான் போகிறது. ராஜகிரிய தம்பிக்கும் இது விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், எங்களுக்கும் விளங்கும்படி எழுதுங்கள். ஒரு முறை ஒரு பொறியியலாளர் 6 பக்கத்தில் ஸ்டோரேஜ் பற்றி எழுதினார், ஒரு சொல் விளங்கவில்லை, ஃபைல் என் மேசையில் இரண்டு கிழமை கிடந்தது. அடுத்த முறை அவர், இது பழுதானால் 11,000 மாணவரின் புள்ளிகளைத் திரும்ப எடுக்க முடியாது, இப்போது இருக்கும் ஒரே பிரதியும் அதே அறையில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினார். அன்றைக்கே மேலே அனுப்பினேன். 2023இல் அரச கிளவுடில் இருந்த மின்னஞ்சல்கள் தாக்குதலில் அழிந்து, சில மாதத் தரவைத் திரும்ப எடுக்க முடியாமல் போன செய்தியை வாசித்தபோது அந்த இரண்டு வரிதான் ஞாபகம் வந்தது.

நாவல_அக்கா · திங்கள், இரவு 8.05

நிதிப்பிரிவு ஐயா, உங்களைப் போல ஒருவர் எங்கள் பக்கம் இருந்திருக்கலாம் என்று மனதார நினைக்கிறேன். அந்த இரண்டு வரியை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

தம்பி, உங்கள் அய்யாவைப் பற்றி. பதில் கடமை அறிவித்தல் பலகைக்கு வருவதற்கு முன்னால் நீங்களே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். வேறொருவர் வாயால் அவர் கேட்கக்கூடாது. அவருடைய கதிரையில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள், உங்கள் மேசைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அவர் என்ன வேலையைத் தானே பார்க்க விரும்புகிறார் என்று கேளுங்கள். எங்கள் பிரிவிலும் என்னைவிட 11 வயது மூத்த ஒருவர் இருந்தார். முதல் மாதம் கதைக்கவே இல்லை. நிலத்தடிக் கேபிள் வரைபடம் முழுவதும் அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அதைக் காகிதத்தில் கொண்டுவரும் வேலையை அவருக்கே கொடுத்து, இரண்டு பொடியங்களை அவரிடம் பழக அனுப்பினேன். ஓய்வு பெறும் நாளில் அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டுக் கையில் தந்தோம். வரைபடத்தின் மூலையில் அவருடைய பெயர்தான் இருந்தது. லீவுப் படிவம் எப்போதும் ஒரு காகிதம்தான், அவரை அய்யா என்று கூப்பிடுவதை நீங்கள் நிறுத்தப்போவதில்லையே.

ஜூனுக்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் பொறுப்பாளர் விமானம் ஏறுவதற்கு முன் அவரோடு மூன்று பின்னேரம் உட்காருங்கள். டொமைன் பெயர் எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறது, புதுப்பிக்கும் அறிவித்தல் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது, இணையத்தளப் பாதுகாப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ்கள் எப்போது முடிகின்றன, எந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் எந்த மாதம், ஃபயர்வோலின் தலைமை பாஸ்வேர்ட் யார் யாருக்குத் தெரியும். அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவான ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். எங்களிடம் இரண்டு இருந்தன. வெளிநாடு போன எங்கள் பழைய பொறுப்பாளரை, நேர வித்தியாசம் பாராமல் நித்திரையில் எழுப்பித்தான் எடுத்தோம்.

லேர்ன் நடத்தும் பயிற்சிப் பட்டறைகளுக்கும் விடாமல் போங்கள், முடிந்தால் பொடியங்களையும் அனுப்புங்கள். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மொறட்டுவையிலும் உங்கள் வேலையையே பார்க்கிறவர்களின் இலக்கம் கையில் இருப்பது பெரிய பலம். 2022இல் எங்கள் இரண்டாவது டிஎன்எஸ் ஒரே தொலைபேசி அழைப்பில் நடந்தது அப்படித்தான்.

பம்பலப்பிட்டி_வயர் · வியாழன், இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. ராஜகிரிய அண்ணா, உங்களுக்குத் தனியாக எழுதினேன். அந்த நிறுவனத்துக்கு இன்னும் இல்லை என்று சொல்லவில்லை, ஒரு வருடம் கழித்துக் கதைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் நல்ல மாதிரி பதில் போட்டார்கள்.

நேற்று அய்யாவிடம் போனேன். அவர் ஸ்விச் அறையில் நிலத்தில் இருந்து கேபிளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நானும் இருந்தேன், சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு லேபிள் மிஷினை என்னிடம் நீட்டி, அடுத்த 24 போர்ட்டையும் நீ ஒட்டு, நான் இலக்கம் சொல்கிறேன் என்றார். முடியும்போது ஏழு மணி. போகும்போது, விடுதிப் பக்கக் கேபிள் வேலையை மட்டும் எனக்கே விட்டுவிடு என்றார். சரி என்றேன்.

இன்றைக்குக் காலையில் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். சிங்களத்தில். எங்கள் கந்தோரில் உள்ள மிஸ் மூன்று இடத்தில் திருத்தித் தந்தார். உள்நுழைவுச் சேர்வரின் பிரதியை வெளியே வைப்பதற்கு நிதிப்பிரிவுக்கு இரண்டு வரிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளைக்குப் போய்விடும். திங்கட்கிழமை பரீட்சைக் கிளைக்குப் போய் அங்கே என்னென்ன ஓடுகிறது என்று உட்கார்ந்து கேட்கப்போகிறேன். 8 வருடத்தில் அந்த அறைக்கு ஸ்விச் மாற்ற மட்டும்தான் போயிருக்கிறேன்.